கையில் ஸ்டாப்வாட்ச், எதிரில் மகள்

இந்த முறை எடுத்துக்கொண்டது ஓர் அம்மாவின் கடிதம். ஆறு பக்கம். முதல் பக்கத்தில் மணிமணியாக இருந்த கையெழுத்து கடைசிப் பக்கத்தில் கிறுக்கலாகிவிட்டது. நள்ளிரவு தாண்டி எழுதியிருக்கிறார் போல. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விவரங்களை நானே மாற்றியும் இருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. இவருடைய மகளுக்கு 13 வயது. 8 வயதிலிருந்து ஒரு நீச்சல் கிளப்பில் பயிற்சி எடுக்கிறாள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு போட்டியன்று, "லேனுக்கு மூணு பேர் வாட்ச் பிடிக்கணும், ஆள் குறையுது, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்களேன்" என்று கோச் கேட்க, இவர் போய் நின்றிருக்கிறார். அப்படி ஆரம்பித்தது. பிறகு வார இறுதி வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, டர்ன் பார்க்கும் நடுவரானார், அதாவது பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் திரும்புவது விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பவர். பொருளாளராக இருந்தவர் வேறு ஊருக்குப் போனதும் கணக்கும் இவர் கைக்கு வந்தது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழு, போட்டிகளுக்குப் பெயர் பதிவது, வெளியூர்ப் போட்டிக்கு வண்டி ஏற்பாடு என்று வாரத்தில் ஐந்து நாள் மாலை குளத்தில்தான் போகிறது. 9 வயது மகன் வீட்டுப்பாடத்தைக் குளத்தோர பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறான். "நம்ம வீடு கிளப்போட கிளை அலுவலகம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவந்த கணவர், இப்போது அதையே சிரிக்காமல் சொல்கிறார்.

போன மாதம் இரண்டு சம்பவங்கள். ஒரு போட்டியில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக், தவளை நீச்சல் என்பார்களே, அது. மகளும் மகளின் உயிர்த் தோழியும் ஒரே ஹீட்டில், அதாவது ஒன்றாக நீந்தும் ஒரே தொகுதியில். இவர் தோழியின் லேனில் டர்ன் பார்க்க நின்றார். 50 மீட்டரில் அந்தப் பெண் ஒரு கையால் மட்டும் சுவரைத் தொட்டுத் திரும்பியதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் டிஸ்குவாலிஃபை ஆனாள். இவருடைய மகள் ஓரிடம் முன்னேறினாள். பத்து நாள் கழித்து, நாலு பேர் ஆளுக்கொரு வகை நீச்சல் நீந்தும் மெட்லி ரிலேயில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்தப்போவது யார் என்று முடிவு செய்யக் கிளப்புக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்தார்கள். அதே இரண்டு பெண்கள். 0.3 வினாடி வித்தியாசத்தில் மகள் தேர்வானாள். டைமிங் எடுத்தது இவர்தான், ஒற்றை ஆளாக. "கமிட்டியில அம்மா இருந்தா ரிலேயில மக இருப்பா" என்று யாரோ குழுவில் எழுதி, உடனே அழித்தும்விட்டார்கள். அதற்குள் மகள் பார்த்துவிட்டாள். அன்றிரவு, "நீ இனிமே குளத்துக்கு வராதம்மா" என்றாள்.

இவர் கேட்பது: "இத்தனை வருடம் இவளுக்காகத்தானே உழைத்தேன், கொஞ்சம்கூட நன்றி இல்லையா? எல்லாவற்றையும் விட்டுவிடவா? விட்டால் கிளப் என்ன ஆகும்? கோச் இவளை ஒதுக்கிவிட்டால்? நான் பார்த்ததைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு? மூன்று வாரத்தில் அடுத்த போட்டி வருகிறது, போகலாமா கூடாதா?"

சகோதரி, கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் நான் எடுக்கப்போவதில்லை. நன்றியைப் பற்றி முதலில் பேசினால் மற்ற எதுவும் உங்கள் காதில் விழாது. சுலபமானதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஒற்றைக் கை

பார்த்ததைச் சொன்னதில் தப்பில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் ஒவ்வொரு டர்னிலும், முடிவிலும், இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல் தனித்தனியாகச் சுவரைத் தொட வேண்டும். தண்ணீருக்கு மேலே தொடலாம், கீழே தொடலாம். ஆனால் இரண்டும் தொட்டாக வேண்டும். ஃபினா என்று முன்பு அழைக்கப்பட்ட, நீச்சலுக்கான உலக அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் விதி இது. வகுப்பில் படித்துத் தேர்வு எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடிதத்தில் மூன்று இடங்களில் "நான் அவளை டிஸ்குவாலிஃபை செய்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. டர்ன் பார்ப்பவரின் வேலை, கண்ணில் பட்டதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமை நடுவரான ரெஃப்ரியிடம் சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வது ரெஃப்ரி. கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தாலும் பலன் நீந்துகிற பிள்ளைக்குத்தான் போயிருக்க வேண்டும். சந்தேகமே இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஒரு சிறுமியின் போட்டியைத் தனியாளாக முடித்துவைத்த பாரத்தை நீங்கள் தலையில் சுமக்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் கை தூக்கியது அல்ல, அந்த ரேஸில் அந்த இடத்தில் நின்றது. இளையோர் நீச்சல் எங்கேயும் பெற்றோரை வைத்துத்தான் ஓடுகிறது. வாட்ச் பிடிப்பவர், டர்ன் பார்ப்பவர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துபவர் என்று யாரைக் கேட்டாலும் யாரோ ஒரு குழந்தையின் அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருப்பார். அதனால் பெற்றோர் குளத்தோரம் நிற்பதே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகள் நீந்தும் அதே ரேஸில், அவளோடு முந்திப் பிந்தி வரும் பெண்ணின் லேனில் நிற்கும்போது, உங்கள் கண் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. போட்டி தொடங்கும் முன் நடுவர்களைக் கூட்டி ரெஃப்ரி பேசுவார் அல்லவா, அப்போது "இந்த ரேஸில் என் மகள் இருக்கிறாள், வேறு ஆளைப் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைக் கேட்டு எந்த ரெஃப்ரியும் முகம் சுளிக்கமாட்டார். உள்ளூர நிம்மதிதான் அடைவார்.

அந்தத் தோழிப் பெண்ணிடம் விதியை விளக்கப் போகாதீர்கள். அவள் அம்மாவுக்கு நீளமான வாட்ஸ்அப் செய்தியும் வேண்டாம். எதிரில் பார்த்தால் எப்போதும் போலப் பேசுங்கள். இரண்டு கையால் தொடக் கற்றுக்கொடுப்பது கோச்சின் வேலை. தோழிகளைச் சேர்த்துவைப்பது யாருடைய வேலையும் இல்லை. 13 வயதில் அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாம் நடுவில் போய் நிற்காமல் இருந்தால்.

ரிலேயும் உங்கள் கட்டைவிரலும்

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. "வாட்ச் பொய் சொல்லாது" என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்ச் சொல்லாது, சரி. அதை அழுத்துவது விரலாயிற்றே.

லேனுக்கு மூன்று வாட்ச் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் கை தாமதமாகும், ஒருவர் கை முந்தும். அதனால்தான் மூன்று நேரமும் வேறுவேறாக இருந்தால் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். ஒரு வாட்ச் பழுதாகிவிட்டால் மீதி இரண்டின் சராசரி. ஸ்டார்ட்டில் ஒலியைக் கேட்டு விரல் நகர ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். முடிவில் நேர்மாறு: கை சுவரை நெருங்குவதைக் கண் முன்பே பார்த்துவிடுவதால் விரல் முந்திக்கொள்ளும். இப்படி முன்னும் பின்னும் இழுபடுகிற ஒன்றை வைத்து 0.3 வினாடியை அளந்திருக்கிறீர்கள். அதுவும் ஒரே வாட்சில் இரண்டு பெண்களுக்கும்: முதலில் தொட்டவளுக்கு ஓர் அழுத்து, அடுத்தவளுக்கு ஓர் அழுத்து. இரண்டாவது அழுத்து தாமதமாவது இயற்கை. அந்த நேரத்தில் உங்கள் கண் எந்த லேனில் இருந்திருக்கும்? உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எந்த அம்மாவின் கண்ணும் அங்கேதான் இருக்கும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். என் மகன் சிறுவனாக நீந்திய காலத்தில் ஒரு வருடம் நானும் வாட்ச் பிடித்தேன். ஒருநாள் அவன் லேனிலேயே என்னைப் போட்டுவிட்டார்கள். அவன் வந்து சுவரைத் தொட்டான். பக்கத்தில் இருந்த இருவரும் அழுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் கைதட்டிக்கொண்டிருக்கிறேன், கழுத்தில் வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டின் சராசரியை எழுதிச் சமாளித்தார்கள். அதற்கப்புறம் அவன் லேன் பக்கம் என்னை யாரும் விடவில்லை.

அப்படியானால் உங்கள் மகள் அந்த இடத்துக்குத் தகுதியில்லாதவளா? அப்படியும் சொல்ல முடியாது. அவள் உண்மையிலேயே அரை வினாடி வேகமாக இருந்திருக்கலாம். அதை அவளே நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது என்பதுதான் துக்கம். ஜெயித்த பிள்ளைக்கு ஜெயித்தேனா என்று தெரியவில்லை.

"சரி, ரிலே இடத்தை அவளை விட்டுக்கொடுக்கச் சொல்லிவிடட்டுமா?" என்று ஐந்தாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது உங்கள் இடம் இல்லை, நீங்கள் கொடுப்பதற்கு. உங்கள் மனசாட்சியின் கடனை அவள் ஏன் கட்ட வேண்டும்? நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோச்சைத் தனியாகப் பார்த்து, "அன்று டைமிங் நான் ஒருத்தியே எடுத்தேன். வித்தியாசம் கைக்கணக்கின் பிசகுக்குள்ளேயே வருகிறது. என் மகள் சம்பந்தப்பட்ட எதற்கும் இனி நான் வாட்ச் பிடிக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். மறுபடி தேர்வு வைப்பதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். வைத்தால், லேனுக்கு மூன்று பேர், அந்த இரண்டு பெண்களுக்கும் உறவில்லாதவர்கள், எந்த நேரத்தை எடுப்பது என்பது முன்கூட்டியே அறிவித்தது என்று இருக்கட்டும். கோச்சிடம் போவதற்கு முந்தின நாள் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக்கூடாது. கோபப்படுவாள். படட்டும்.

"குளத்துக்கு வராதம்மா"

இப்போது நன்றிக்கு வருகிறேன்.

உங்கள் மகளின் நாளை அவள் இடத்திலிருந்து பாருங்கள். பயிற்சியில் கோச் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "அந்த ஆளைக் கண்டாலே எரிச்சலா வருது" என்று அம்மாவிடம் கொட்டித் தீர்ப்பார்கள். இவள் கொட்டினால் அது கிளப் பொருளாளரின் காதில் விழும். உடம்பு அசதியாக இருக்கிறது, இன்றைக்குப் போகவேண்டாம் என்று தோன்றினால், வருகைப் பட்டியல் வைத்திருப்பது அம்மா. தோழிகள் கமிட்டியைக் கிண்டல் செய்யும்போது இவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். மற்றவர்கள் குளத்திலிருந்து வீட்டுக்குப் போகிறார்கள். இவள் குளத்திலிருந்து கிளப்புக்குப் போகிறாள். உங்கள் கணவர் சொன்ன கிளை அலுவலகம் வெறும் கிண்டல் இல்லை. அந்த வீட்டில் கிளப்பைப் பற்றிப் புகார் சொல்ல அவளுக்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை.

அதனால் "வராதே" என்று அவள் சொன்னது கிளப் ஆளைப் பார்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது. அம்மா வருவதில் அவளுக்கு ஆட்சேபம் இருப்பதாகக் கடிதத்தில் எங்கேயும் தெரியவில்லை. போன வருடம் காய்ச்சலில் நீங்கள் ஒரு போட்டிக்குப் போக முடியாதபோது, "நீ இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு" என்று வந்து சொன்னவளும் இவள்தானே.

அப்புறம், "இவளுக்காகத்தான் உழைத்தேன்" என்கிற வாக்கியம். அது பாதி உண்மை. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். ரெஃப்ரியின் சின்னச் சின்ன விசில்கள், பிறகு அந்த நீண்ட விசில், பிள்ளைகள் குதிக்கும் பிளாக்கில் ஏறி நிற்க, குளமே மூச்சை அடக்கிக்கொள்ளும் அந்த ஒரு நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சகோதரி. அதில் நீங்கள் கெட்டிக்காரியும்கூட. வீட்டுக்கு வெளியே உங்கள் பெயரைச் சொல்லி நாலு பேர் தேடுகிற இடம் அது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்கு இவ்வளவு கொடுத்த ஒன்றுக்கு மகளிடம் நன்றி வசூலிக்கக் கூடாது.

டைமிங் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு போட்டியின் நேரத்தையும், 50 மீட்டர் ஸ்பிளிட் (இடைநேரம்) உட்பட, குறித்து வைத்திருக்கிறீர்கள். பெண் குழந்தைகளுக்கு 12, 13, 14 வயதில் உயரம், எடை, உடல்வாகு எல்லாம் மாறுகிறது. எத்தனை ஒழுங்காகப் பயிற்சி செய்தாலும் நேரம் மாதக்கணக்கில் நகராமல் நிற்பது இந்த வயதில் சகஜம். சிலருக்குப் பின்னுக்கும் போகும். அந்தச் சமயத்தில் அந்த நோட்டு ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். அதை அவளிடமே கொடுத்துவிடுங்கள். எழுதினால் எழுதட்டும், பரணில் போட்டால் போடட்டும்.

அவளிடம் பேச வேண்டியது அதிகமில்லை. "நீ வராதேன்னு சொன்னது எனக்கு வலிச்சுது. ஏன் சொன்னேன்னு இப்பதான் புரியுது. நான் எப்ப வரலாம், எப்ப வேண்டாம்னு நீ சொல்லு, அதன்படி செய்றேன்." இவ்வளவு போதும். போட்டி முடிந்து வீடு திரும்பும் வண்டியில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தேவை தூக்கமும் அமைதியும்தான்.

நீங்கள் செய்யக் கூடாத வேலைகள்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சில விஷயங்கள்தான் என்னை அதிகம் பதறவைத்தன. நீங்கள் இவற்றைப் பற்றி என்னைக் கேட்கவே இல்லை.

முதலாவது. உயிர்காப்பாளர் வராத இரண்டு மாலைகளில், "நீங்க டைம் எடுக்கும்போதே சின்னப் பசங்க மேல ஒரு கண் வச்சுக்கோங்க" என்று கோச் சொன்னார், நீங்களும் சரி என்றீர்கள். இனி ஒருபோதும் சரி என்று சொல்லாதீர்கள். வாட்சைப் பார்க்கிற கண் தண்ணீரைப் பார்க்க முடியாது. மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்திக் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. மூச்சுக்கே போராடும்போது கத்தக் காற்று ஏது? பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. அடியில் யார் அதிக நேரம் இருப்பது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டி, வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவிழப்பது இப்படித்தான். பயிற்சி பெற்ற, வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் கரையில் இல்லையென்றால் அன்றைக்குக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. பயிற்சி ஒரு நாள் போனால் போகட்டும்.

இரண்டாவது, உடை மாற்றும் அறை. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட நீங்கள் தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள் வேண்டும், அல்லது அந்தந்தக் குழந்தையின் பெற்றோர் வர வேண்டும். உங்கள் மேல் சந்தேகம் இருந்து சொல்லவில்லை. நல்லவர்களுக்காக ஒரு விதிவிலக்கு வைத்தால், அதே கதவு வழியாக வேறு யாராவது வந்துவிடுவார்கள். அந்த அறைக்குள் போன் எடுக்கக்கூடாது என்பது எல்லோருக்கும். நீச்சல் உடையில் பிள்ளைகளின் படங்களைக் குழுவில் போடுவதற்கும் ஒவ்வொரு பெற்றோரின் சம்மதம் வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு வண்டியில் ஒரு குழந்தையை மட்டும் தனியாக ஏற்றிக்கொண்டு போவதும், பிள்ளைகளின் போனுக்கு நேராகச் செய்தி அனுப்புவதும் இதே கணக்குத்தான்.

மூன்றாவது, பணம். கிளப் கட்டணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வருகிறது. ஒரு பைசாகூட நீங்கள் தொடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாட்ஸ்அப் வரியை எழுதியவருக்குத் தெரியுமா? கிளப் பெயரில் தனிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது, மாதம் ஒருமுறை எல்லாப் பெற்றோருக்கும் வரவுசெலவு. இதை இந்த மாதமே கேளுங்கள்.

"நான் சம்பளம் வாங்காமல் செய்பவள்தானே, நாளைக்கு ஏதாவது ஆனால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பார்கள். ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால், அதற்குச் சம்பளம் இல்லை என்பதால் மட்டும் பொறுப்பு இல்லாமல் போகாது. கிளப்பின் காப்பீடு தன்னார்வலர்களுக்கும் பொருந்துமா என்று கமிட்டியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுவதா, குறைப்பதா

முழுக்க விலகலாம். சுத்தமான வழிதான். ஆனால் இரண்டு சிக்கல். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து ஓடியது போல ஆகிவிடும். தன் ஒரு வார்த்தையால் அம்மா பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டாள் என்ற குற்ற உணர்ச்சி மகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். இப்படியே தொடரலாம், அதை நான் சிபாரிசு செய்யப்போவதில்லை என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

என் யோசனை, ஐந்தில் நான்கைக் கீழே வையுங்கள். பொருளாளர் பொறுப்பைத் தேதி குறித்து, கணக்கை எழுதி, இரண்டு பேர் முன்னிலையில் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குழுவை இன்னொருவர் பார்க்கட்டும். பெயர் பதிவும் வண்டியும்கூட. உங்களுக்கு உயிரான நடுவர் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மகள் நீந்தாத போட்டிகளில், மகள் இல்லாத வயதுப் பிரிவுகளில். பயிற்சி நாட்களில் கொண்டுவிட்டு, கூட்டிவருவது மட்டும். இடையில் கிடைக்கும் மாலைகளில் அந்தப் பையன் வீட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். அவனைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதையும் பெஞ்சைச் சொல்லும்போதுதான் சொன்னீர்கள்.

கிளப் என்ன ஆகும் என்றால், இரண்டு மாதம் தடுமாறும். ஏதாவது ஒரு போட்டிக்குப் பெயர் பதியக் கடைசித் தேதி தவறிப்போகும், எல்லோரும் உங்களை நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் யாராவது முன்வருவார்கள். ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிற இடத்தில் மற்றவர்களுக்குக் கேட்டு வரக் கூச்சமாக இருக்கும். அங்கே வேலை காலியாக இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு விஷயம்: பெரிதாகக் கேட்டால் ஓடிப்போவார்கள். "பொருளாளர் வேண்டும்" என்று குழுவில் போடாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், நாலாவது லேனில் வாட்ச், நான் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன்" என்று ஒருவரிடம் நேரில் கேளுங்கள். உங்களையும் கோச் அப்படித்தானே பிடித்தார்!

கோச் மகளை ஒதுக்குவாரா என்ற பயம். உங்கள் உழைப்பு இருக்கிறது என்பதற்காக அவளை வைத்திருந்தார் என்றால், அந்த இடம் இப்போதே பொய்யான இடம். உழைப்பு நின்றதற்காக ஒதுக்கினார் என்றால், அந்தக் கிளப் அவளுக்கு ஏற்றதல்ல. வேறு கிளப்பிலும் தண்ணீர் ஒரே தண்ணீர்தான். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. ஆள் பற்றாக்குறையில், முடியாது என்று சொல்லாதவரிடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பழகிய ஒருவராகத்தான் தெரிகிறார். முடியாது என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, மூன்று வாரத்தில் வரும் போட்டி. முதலில் மகளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அப்பா போகட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள், டைமிங் என்ன என்று அவருக்கு மெசேஜ் அனுப்பாமல். வா என்றால் போங்கள். கழுத்தில் அடையாள அட்டை வேண்டாம், கையில் வாட்ச் வேண்டாம். மற்ற பெற்றோர் உட்காரும் படிக்கட்டில், நடுவில் எங்காவது இடம் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவர் ஆள் குறைகிறது என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள், கட்டாயம் கூப்பிடுவார்கள். "இன்றைக்கு நான் சும்மா பார்க்க வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.